இது ஒத்திகைதான்

தீ விபத்து ஒத்திகைக்கு அத்தியாவசியமான பொருள் மெதுவடை. தீயணைப்பான் இல்லாமல்கூட ஒத்திகை நடத்திவிடலாம், நான் நடத்தியிருக்கிறேன். வடை இல்லாமல் நடத்தினால் மரத்தடியில் நானும் என் மெகாபோனும் மட்டும்தான் நிற்போம். பெருங்களத்தூர் ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். சட்னிதான் வாங்க வேண்டும், சாம்பார் கூடாது. சாம்பார் வடையைக் கையில் வைத்துக்கொண்டு யாராலும் ஓட முடியாது.

ஹெப்சி எப்படி இறந்தார் என்று கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர். அதற்குத்தான் வருகிறேன். வடையிலிருந்து ஆரம்பித்தால்தான் அங்கே சரியாகப் போய்ச் சேர முடியும்.

என் பெயர் வைத்தீஸ்வரன். தென்கரைப் போக்குவரத்து நிறுவனத்தில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவன். ஓய்வுபெற்ற மறுநாளே ஆலோசகர் என்ற பெயரில் அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன். தாம்பரத்திலிருந்து அனகாபுத்தூர், கோவிலம்பாக்கம் பக்கமெல்லாம் எங்கள் பஸ்கள் போகின்றன. வண்டி தீப்பிடித்தால், ரோட்டில் வெள்ளம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று டிரைவர் கண்டக்டர்களுக்குச் சொல்லித்தருவது என் வேலை.

டிப்போவின் கோடியில், ஓட லாயக்கில்லாத பஸ் ஒன்றை இதற்கென்றே நிறுத்தியிருந்தோம். சாம்பிராணியும் ஈரச் சாக்கும் போட்டு அதற்குள் புகை மூட்டுவேன். மெகாபோனில், "இது ஒத்திகை, இது ஒத்திகை" என்பேன். எல்லாரும் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு வேப்பமரத்தடியில் வந்து கூட வேண்டும். அடிபட்டவராக நடிப்பவர் பஸ்ஸுக்குள் போய்ப் படுத்துக்கொள்வார். ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேர் போய்த் தூக்கி வருவார்கள். பிறகு வடை.

எங்கள் டிப்போவில் ஒரு நாய் உண்டு. மெகாபோன் கரகரத்தாலே போதும், மனிதர்களுக்கு முன்னால் மரத்தடியில் போய் உட்கார்ந்திருக்கும். ஒரு வருடம் முதல் பரிசை அதற்கே கொடுத்தேன். மாலை போட்டேன், சாமந்திப்பூவைத் தின்றுவிட்டு, நன்றியுரை முடியும்வரை வரிசையில் நின்றது. இரண்டாம் பரிசு வாங்கிய டிரைவர் தசரதன் என்னிடம் வந்து, "நாய்க்கு ஃபர்ஸ்ட்டு, எனக்கு செகண்டா? வூட்ல போயி இன்னா சார் சொல்லுவேன்?" என்று வருத்தப்பட்டார்.

இன்னொரு முறை ஒரு மெக்கானிக் பிணமாக நடித்தார். பாதியில் போன் அடித்தது. எழுந்து உட்கார்ந்து, "டெட் பாடியா கீறேன், அப்புறம் பேசு" என்று சொல்லிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். டிப்போவே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு ஒரு விதி போட்டேன். அடிபட்டவர் கண்ணைத் திறக்கக் கூடாது. எவ்வளவு புகை வந்தாலும், யார் கூப்பிட்டாலும், தூக்க ஆள் வரும்வரை அசையக் கூடாது.

அந்த விதியை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தவர் கண்டக்டர் ஹெப்சி. அனகாபுத்தூர்ப் பெண். ஒல்லி, தூக்குகிறவர்களுக்குச் சிரமம் இல்லை என்பதால் அடிபட்டவர் வேஷம் நிரந்தரமாக அவருக்கே போயிற்று. அவருக்கும் அதில் சந்தோஷம்.

"நாள் பூரா நின்னுகினே கீறேன் சார். இந்த ஒரு வேலைக்குத்தான் என்னைப் படுக்கச் சொல்லி சம்பளம் தர்றீங்க," என்பார்.

ஒரு தடவை நிஜமாகவே தூங்கிவிட்டார். ஸ்ட்ரெச்சரில் தூக்கி வந்து மரத்தடியில் இறக்கியும் எழவில்லை. வடைத்தட்டை மூக்கருகே கொண்டுபோன பிறகுதான் கண் திறந்தார்.

இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது ஜாஸ்மின் மேடம் டிப்போ மேனேஜராக வந்தார். மரியாதையான பெண், என்னை உட்காரவைத்துத்தான் சொன்னார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. இது டிரில் மாதிரியே இல்ல, பிக்னிக் மாதிரி இருக்கு. ஒரு வீடியோ எடுத்து எல்லார் போனுக்கும் அனுப்பிட்டா வேலை முடிஞ்சுது. வியாழக்கிழமை டைரக்டர்ஸ் வர்றாங்க. அவங்க ஒரு தடவை பார்க்கட்டும். வேணுமா வேண்டாமான்னு அவங்களே முடிவு பண்ணட்டும்."

வீடியோ வந்தால் நான் வீட்டுக்குப் போக வேண்டும். அதைவிட, அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்ததுதான் என்னைத் தூங்கவிடவில்லை. பிக்னிக்தான். யாருக்கும் பயம் இல்லை. சாம்பிராணிப் புகையைப் பார்த்து யாருக்குப் பயம் வரும்? பக்திதான் வரும். நீச்சல் பழக்குகிறவர் ஒரு கட்டத்தில் பையனைக் கிணற்றில் தள்ளிவிடத்தானே செய்கிறார். தீயைப் பார்க்காதவனுக்குத் தீயைப் பற்றி எத்தனை வருடம் சொல்லிக்கொடுத்து என்ன பயன் என்று யோசித்தேன். இதில் தவறு எங்கே இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

வியாழக்கிழமை காலை, டைரக்டர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒத்திகைக்கு இன்னும் நேரம் இருந்தது. நான் ஒத்திகை வண்டிக்குள் ஏறி, ஆள் யாரும் இல்லை என்று முழுவதும் நடந்து பார்த்தேன். அந்த விஷயத்தில் நான் கவனமானவன். பிறகு வண்டி துடைக்கும் காட்டன் வேஸ்ட்டை டீசலில் நனைத்து டிரைவர் சீட்டுக்கு அடியில் திணித்துப் பற்றவைத்தேன். இறங்கி வந்து தீயணைப்பான்கள் இரண்டைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றேன். எல்லாரும் ஒழுங்காக வெளியேறுவார்கள், டைரக்டர்கள் பார்ப்பார்கள், நான் அணைத்துவிடுவேன். திட்டம் அவ்வளவுதான்.

நான் மெகாபோனைத் தொடவில்லை. அறிவிக்காமல் நடத்தினால் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டுமே.

என்ன ஆயிற்று தெரியுமா? ஜன்னல் வழியே தீ நாக்கு நீட்டியதும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து ஓடினார்கள். தசரதன் காம்பவுண்டுச் சுவர் மேல் ஏறினார். ஜாஸ்மின் மேடம் டீசல் பம்ப் இருக்கும் திசையில் ஓடினார். ஒரு டைரக்டர் கப் அண்ட் சாசரோடு ஓடினார்; சாசரில் ஒரு சொட்டுச் சிந்தவில்லை, அதை மட்டும் பாராட்ட வேண்டும். மரத்தடிக்கு ஒருவரும் போகவில்லை. நாய்கூடப் போகவில்லை. நான் வாழ்நாளெல்லாம் சொல்லித்தந்தது அந்த மரத்தடியில் ஒரு ஆளாகக்கூட நிற்கவில்லை. அது எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

மெகாபோனை எடுத்தேன். "இது ஒத்திகை. இது ஒத்திகைதான்."

அப்படியே நின்றார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். "வைத்தி சார் வேலை, நம்மள கலாய்ச்சிட்டாரு" என்று யாரோ சொன்னார்கள். பிறகு, பார்க்க வேண்டுமே அந்த ஒழுங்கை. நிதானமாக, தள்ளாமல், மரத்தடிக்கு நடந்தார்கள். சாசர் டைரக்டர் கைதட்டினார். ஜாஸ்மின் மேடம் மூச்சு வாங்கிக்கொண்டே, "ரொம்ப ரியலிஸ்டிக்கா இருக்கு சார்" என்றார்.

அப்போதே நான் தீயை அணைத்திருக்கலாம். அணைத்தால் ஒத்திகை அங்கேயே முடிந்துவிடும். அடிபட்டவரைத் தூக்கும் பகுதி பாக்கி இருந்தது.

சீட்டுப் பஞ்சு நான் நினைத்ததைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டது. பழைய ரெக்சின், பழைய பஞ்சு. புகை கறுத்துவிட்டது. ஸ்ட்ரெச்சர் எடுக்க வேண்டிய தசரதன் வடையோடு என்னிடம் வந்து மோந்து பார்த்தார்.

"சார், சாம்பிராணி வாசனையே இல்ல. ரெக்சின் நாத்தம் அடிக்குது. நெசமாவே எரியுது சார்."

"ஒத்திகைதான் தசரதா. நிதானமா போங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். வடையைக் கீழே போட்டுவிட்டு பஸ்ஸை நோக்கி ஓடினார். இரண்டு முறை ஏறப் பார்த்து, புகை தள்ளி வெளியே விழுந்தார். அவர் கையில் இருக்கும் கட்டு அதனால் வந்ததுதான். தீயணைப்பு வண்டி வந்த பிறகுதான் ஹெப்சியை இறக்கினார்கள். கண் மூடியிருந்தது. கைகள் மார்பின் மேல் இருந்தன. எழுந்திருக்க முயன்ற அடையாளமே இல்லை என்று நீங்கள் சொன்னீர்கள். எனக்கு அது வியப்பாக இல்லை. அந்த டிப்போவில் நான் சொல்லித்தந்ததை முழுதாகக் கற்றவர் அவர் ஒருவர்தான்.

முதல் வாக்குமூலத்தில், அவர் தானாகவே வண்டிக்குள் போனார், நான் கவனிக்கவில்லை என்று சொல்லியிருந்தேன். அதைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

அவர் ஓய்வறைப் பக்கமிருந்து, பணப்பையைத் தோளில் சரிசெய்துகொண்டு ஓடிவந்தார். நேராக என்னிடம்தான் வந்தார்.

"சாரி சார், இப்பத்தான் ட்ரிப் முட்ச்சிட்டு வந்தேன். நீங்க மைக்ல சொன்னது கேட்டு ஓடியாறேன். எங்க படுக்கணும் சார்?"

மெகாபோன் என் கையில் இருந்தது. தீயணைப்பான்கள் காலடியில் இருந்தன. போகாதேம்மா என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் ஏன் போகக் கூடாது என்று கேட்பார். டைரக்டர்கள் கேட்கும் தூரத்தில்தான் நின்றார்கள்.

கடைசி சீட்டு என்றேன். தீ முன்பக்கத்தில் இருந்தது, பாருங்கள். அவருடைய பாதுகாப்பை நினைத்துத்தான் அப்படிச் சொன்னேன்.