ரெண்டு இன்ச்

இல்லக்கா, டேப்பைக் கீழ வைங்க. இன்னைக்கு அளவு குடுக்க வரல. முதல்ல நியாயத்தைப் பேசிடுவோம். பாதிக்கப்பட்டது நான். சொல்லிக் குடுத்தது எங்க சித்தி. கத்தரி புடிச்சது நீங்க. போன வருஷம் என் கவுனை ரெண்டு இன்ச் கம்மியா வெட்டினீங்க. போன மாசம் உங்க அளவு நோட்டுல என் பக்கத்தை நானே பாத்தேனே! முப்பத்தெட்டுன்னு எழுதி, அடிச்சு, முப்பத்தாறு. கேட்டதுக்கு என்ன சொன்னீங்க? சின்னதா தெச்சாத்தான் இளைப்பாளாம், அவ நல்லதுக்குத்தான்னு சித்தி சொன்னாங்களாம்.

நல்லதுக்கு! நீங்க பாட்டுக்குத் தைங்க, தெச்சுக்கிட்டே கேளுங்க.

சித்தி பொண்ணு கல்யாணத்தன்னைக்கு, பொண்ணு ரூம்ல, பத்துப் பேர் முன்னாடி ஜிப் பாதியில நின்னுடுச்சு. ரெண்டு பேர் புடிச்சு இழுத்தாங்க. ஒருத்தி மூச்சை அடக்கச் சொன்னா. அடக்கினேன், கண்ணுல தண்ணிதான் வந்துச்சு. சித்தி ஒரு சால்வையைக் கொண்டாந்து என் தோள்ல போத்தி, பாருடி உன்ன, மூட்டைன்னு சிரிச்சாங்க. தெரிஞ்சே சிரிச்சாங்கக்கா. நான்தான் கிறுக்கி, அளவு குடுத்த மூணு வாரத்துல ரெண்டு இன்ச் பெருத்துட்டேன்னு நம்பிட்டேன்.

அதுலருந்து ஒரு வருஷம். பல்லு விளக்கறப்ப, படியேறறப்ப, லைப்ரரியில நாற்காலியை இழுக்கறப்ப, மண்டைக்குள்ள ஒரே பேச்சு. பாருடி உன்ன, மூட்டை. காலையில பட்டினி. சாயந்தரம், புத்தகத்துக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்ச பிஸ்கட் பாக்கெட். தின்னுட்டுத் திட்டு, திட்டு தாங்காம மறுபடி தீனி. குறைஞ்சேனா? ஏழு கிலோ ஏறினேன். சிரிக்காதீங்க.

என்னது, நானே என்னைத் திட்டிக்கிட்டா அதுக்கு அவங்க என்ன பண்ணுவாங்களா? இங்கதான் உங்களை மடக்கறேன். என்கிட்ட நான் டி போட்டுப் பேசவே மாட்டேன். பரீட்சை ஹாலுக்குள்ள போறப்ப, போப்பா, பாத்துக்கலாம்னுதான் சொல்லிப்பேன். எனக்கு நான் எப்பவும் ப்பாதான். அப்ப அந்த டி யாரோடது? உங்க நோட்டைப் பாத்தப்பதான் பொறி தட்டுச்சு. ஒரு வருஷமா என் மண்டைக்குள்ள உக்காந்து பேசிக்கிட்டிருந்ததே சித்தி!

அதுக்கப்புறம், டின்னு ஆரம்பிச்சாலே, சித்தி, நீங்க கொஞ்சம் வாயை மூடுங்கன்னுடுவேன். உள்ளுக்குள்ளதான். ஒளிச்சுத் திங்கறது தானா நின்னுச்சு. சாயந்தரம் நடக்கறேன், நடக்கப் புடிச்சிருக்கு, அதனால. எவ்வளவு குறைஞ்சேனா? பாக்கலக்கா. பாக்கத் தோணல.

இந்தப் பையில என்னவா? அட, மறந்தே போச்சு பாருங்க. சித்தியோட கவுன். போன வாரம் உங்ககிட்ட நான்தானே வாங்கிட்டுப் போனேன். நாளைக்கு அவங்க ஆபீஸ்ல பாராட்டு விழா, கொஞ்சம் பிரிச்சு விடணும். ஐயோ, பதறாதீங்க, நீங்க கச்சிதமாத்தான் தெச்சிருந்தீங்க. உள்பக்கமா ரெண்டு இன்ச் புடிச்சுத் தெச்சது நான். நூல்கூட உங்க நூல் கலர்லயே தேடி வாங்கினேன்.

காலையில போட்டுப் பாத்தாங்க. ஜிப் பாதியில நின்னுச்சு. நான் கதவோரமா நின்னது அவங்களுக்குத் தெரியாது. கத்துவாங்கன்னு பாத்தேன். கத்தல. கண்ணாடியையே ரொம்ப நேரம் பாத்தாங்க. அப்புறம் மெதுவா, பாருடி உன்ன, மூட்டைன்னாங்க. யாரைன்னா என்ன அர்த்தம்? தன்னைத்தான்க்கா. அதே டி. எத்தனை வருஷப் பழக்கமோ, அவ்வளவு சரளமா வந்துச்சு.

ஆமா, எனக்கும் ஒரு மாதிரிதான் ஆச்சு. அதனாலதானே பிரிக்கக் கொண்டாந்தேன். ஆனா அதுக்காக, ஒரு மாசமா மனசுல வெச்சிருந்ததைச் சொல்லாம முழுங்கிட முடியுமா? உள்ள போனேன். அதே சால்வையை எடுத்து அவங்க தோள்ல போத்தினேன். என் கோணத் தையலைப் புரட்டிக் காட்டினேன். என்னடி பண்ணி வெச்சிருக்கேன்னு அலறினாங்க.

ரெண்டே ரெண்டு இன்ச்தான் சித்தி, உங்க நல்லதுக்குத்தான்னேன்.