இயற்கைத் தரை

சரிவான நிலத்தில் வீடு கட்டுகிறவர்களுக்கு முதலில் வரும் சந்தேகம், உயரத்தை எங்கிருந்து அளப்பது என்பதுதான். சமதரையில் இந்தத் தொல்லை கிடையாது. வாசலில் நாடாவை வைத்து மேலே பிடித்தால் முடிந்தது. சரிவில் மேல் பக்கம் நின்றால் வீடு குள்ளம். கீழ்ப் பக்கம் நின்றால் அதே வீடு ராட்சசன். அதனால்தான் இயற்கைத் தரையிலிருந்து அளக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். யாரும் கை வைப்பதற்கு முன்னால் மண் எப்படிக் கிடந்ததோ, அதுதான் இயற்கைத் தரை. அதற்கு மேல் ஒன்பது மீட்டரைத் தாண்டக் கூடாது, எந்த மூலையில் அளந்தாலும். நல்ல விதிதான், ஐயா. நான் அதைக் குறை சொல்லவே மாட்டேன்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். கொஞ்சம் பொறுங்கள், எனக்கு ரொம்ப அலுப்பாக இருக்கிறது.

வீட்டுப் படம் வரைவது என் தொழில். நிலத்தை அளந்து எண்களைக் கொடுத்தால், என் கம்ப்யூட்டரில் இருக்கும் சாஃப்ட்வேர் மேடு பள்ளத்தை அப்படியே திரையில் விரித்துவிடும். அதற்கு மேல் ஒன்பது மீட்டரில், அதே சரிவோடு, கண்ணாடி மாதிரி ஒரு விரிப்பு போடலாம். கூரை அதை எங்கே துளைக்கிறதோ அந்த இடம் சிவப்பாகிவிடும். மாதக்கணக்கில் அந்தச் சிவப்போடுதான் நான் குடித்தனம் நடத்தினேன்.

வீடு என் அக்காவுடையது. கல்யாணமான நாளிலிருந்து அவள் இருந்ததெல்லாம் கீழ்த்தள வாடகை வீடுகள். மேலே யாராவது நாற்காலியை இழுத்தால் இவள் சாப்பாட்டை நிறுத்திவிட்டு உத்தரத்தைப் பார்ப்பாள். நிலம் வாங்கியதும் என்னிடம் சொன்னாள்: "என் தலைக்கு மேல யாரும் நடக்கக் கூடாதுடா. மேல ஒரு ரூம், நாலு பக்கமும் ஜன்னல். அது போதும். மத்ததெல்லாம் உன் இஷ்டம்."

மாமா பின்னாலிருந்து, "அந்த ரூமை மட்டும் எப்படியாவது போட்டுடுப்பா. இல்லேன்னா என் தலைக்கு மேல இவ நடப்பா" என்றார். மூன்று பேரும் சிரித்தோம்.

அந்த அறைதான் சிவந்தது. கீழ்ப் பக்க மூலையில், ஓர் ஆள் உயரத்துக்கு. வீட்டை மலைக்குள் தள்ளிப் பார்த்தேன். கூரையைத் தட்டையாக்கினேன். அறையைப் பின்னால் நகர்த்தினால் ஜன்னலுக்கு எதிரே பாறை வந்தது. ஒவ்வொரு படத்தையும் பார்த்து அக்கா, "பரவாயில்லடா, இருக்கட்டும்" என்பாள். அவள் திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்த சாஃப்ட்வேரில் தரையையும் பிடித்து இழுக்கலாம். பிசைந்த மாவு மாதிரி மேலே வரும். ஒருநாள் கீழ் மூலையை இழுத்தேன். தரை உயர்ந்தது, விரிப்பும் அதோடு உயர்ந்தது, சிவப்பு போய்விட்டது. வீட்டில் ஒரு செங்கல்லைக்கூட நான் தொடவில்லை. இத்தனை சுலபமா என்று எனக்கே சப்பென்று ஆகிவிட்டது.

அப்புறம் நிஜத் தரையும் படத்தைப் போல ஆக வேண்டும். கட்ட அனுமதி கொடுக்கும் அலுவலகத்திலிருந்து அளக்க வருவதற்கு முன்னால் லாரி லாரியாக மண் கொட்டினோம். புல் முளைக்கவிட்டோம். மழைக்காலம் ஒன்று போனதும் வந்தார்கள், கோலை நட்டார்கள், எழுதிக்கொண்டு போனார்கள். அந்த மழையில் மண் அசையவில்லை என்பதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்போது அதன் தலையில் வீடு இல்லை, அவ்வளவுதான்.

கொட்டிய மண்ணுக்குத் தடுப்புச் சுவர் வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா என்று கேட்கிறீர்கள். தெரியும். ஆனால் சுவர் நின்றால் அதற்குப் பின்னால் இருப்பது கொட்டிய மண் என்று யாருக்கும் தெரிந்துவிடும். இயற்கைத் தரைக்கு எதற்குச் சுவர்? கட்டி முடித்த பிறகு கடைசியாக ஒருமுறை வந்து பார்ப்பார்கள். அது முடியட்டும், பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

மேஸ்திரி கேட்கவில்லையா என்றால், கேட்கமாட்டார். முந்தைய ஒரு வேலையில் என்னைக் கேட்காமல் ஒரு ஜன்னலுக்கு மேல் வெயில் மறைப்பு கட்டிவிட்டார். எல்லார் முன்னாலும் அதை இடிக்கச் சொன்னேன். "படத்துல இருந்தா கட்டு, இல்லேன்னா கட்டாதே" என்றேன். அன்றிலிருந்து மனிதர் கண்ணும் கருத்துமாகப் படத்தைத்தான் பார்ப்பார், மலையைப் பார்க்கமாட்டார். அவரை அப்படிப் பழக்கியது நான்.

கேட்டது தையல்காரம்மாதான். சரிவில் எங்கள் மனைக்கு நேர் கீழே அவர்கள் வீடு. அக்கா வீட்டுத் திரைச்சீலைகளுக்கு அளவெடுக்க வந்திருந்தார். கழுத்தில் நாடாவோடு மேல் அறை ஜன்னலில் நின்று எட்டிப் பார்த்தார்.

"மண்ணு நின்னுடுமா தம்பி? வந்தா எங்க வீட்டு மேலதான் வரும்."

"நிக்கும்மா. புல்லு வேர் பிடிச்சிருக்கு பாருங்க."

"நீங்க சொன்னா சரி. எனக்கென்ன தெரியும். அவருக்கு ராத்திரி வேலை, பகல்ல அடிச்சுப்போட்ட மாதிரி தூங்குவாரு. அதான் கேட்டேன்" என்றார்.

மழை பிடித்த நான்காவது நாள், மதியம் போய்ப் பார்த்தேன். புல்லுக்கு நடுவே ஒரு விரிசல். கையை விட்டேன், முழங்கை வரை போனது. கீழே தையல்காரம்மா கொல்லைக் கதவைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டார்.

"என்ன தம்பி, இந்த மழையில?"

"சும்மாதாம்மா. பாக்கலாம்னு வந்தேன்."

"உள்ள வாங்க, நனையாதீங்க."

"இல்லம்மா, வேலை இருக்கு" என்றேன்.

அது பொய் இல்லை. வீட்டுக்குப் போய் கம்ப்யூட்டரைத் திறந்து சுவரை வரைந்தேன்.

அவர்களிடம் சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் வெளியே வந்து நிற்பார்கள், தெருவே கூடும், இந்த மண் எப்படி இங்கே வந்தது என்று கேள்வி வரும். மேல் அறையை இடிக்கச் சொல்வார்கள். மறுவாரம் அக்கா குடிபோகிறாள். தட்டுமுட்டுச் சாமானெல்லாம் கட்டி வைத்துவிட்டாள். விரிசல் அப்படியே நின்றுவிடவும் கூடும் என்று நினைத்தேன். ஆனால் நிற்காது என்று வைத்துக்கொண்டுதான் வரைந்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அலுவலகத்துக்கு ஒரு படம், வேலை செய்கிறவர்களுக்கு இன்னும் விவரமாக ஒரு படம் என்று கொடுப்பது எங்கள் வழக்கம். சுவரோடு கூடிய படத்தை எடுத்துக்கொண்டு திரும்பவும் போனேன். சிமெண்ட் மூட்டை அடுக்கிய கொட்டகையில் ஆணியில் மாட்டியிருந்த பழைய படத்தைக் கழற்றிவிட்டு இதை மாட்டினேன். மழைக்கு மேஸ்திரி ஆட்களை அனுப்பிவிட்டிருந்தார். கீழே தையல் மெஷின் ஓடுகிற சத்தம் நன்றாகக் கேட்டது. அக்காவின் திரைச்சீலையாக இருக்கும். குடையை மடித்துக் காருக்குள் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். இருட்டுவதற்கு முன்னால் மண் இறங்கிவிட்டது. அந்தம்மா மெஷினுக்கு முன்னாலும், கணவர் கட்டிலிலும் கிடந்தார்கள் என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

படத்தில் இருந்த சுவரைக் கட்டாமல் விட்டதாக மேஸ்திரியைப் பிடித்தீர்கள். நான் எதிர்பார்த்தது போலத்தான் நடந்தது. எதிர்பார்க்காதது ஒன்றுதான். அவர் அதை மறுக்கவில்லை. வெளியே விட்டதும் நேரே என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "எப்படித் தம்பி என் கண்ணுல படாம போச்சு? ரெண்டு உசுரைக் கொன்னுட்டேனே. உங்களுக்கும் கெட்ட பேரு வாங்கிக் கொடுத்துட்டேன்" என்று குலுங்கிக் குலுங்கி அழுதார். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். சோறு இறங்கவில்லை என்கிறார், அந்தப் படத்தை இன்னொரு தடவை காட்டச் சொல்கிறார். எவ்வளவு நாள்தான் ஒரு மனிதர் அழுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது? எனக்கு முடியவில்லை, ஐயா. அதனால்தான் நானே வந்தேன்.

மேஸ்திரி மேல் தப்பில்லை. மண்ணைக் கொட்டச் சொன்னது நான். சுவரை வரையாமல் விட்டதும் நான். அவர்கள் உயிரோடு இருக்கும்போதே, அவர்கள் சாவுக்கு ஆள் தேடி அந்தச் சுவரை வரைந்ததும் நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் அதை ஏனோதானோ என்று வரையவில்லை. அடி அகலம், கம்பி, பின்னால் தேங்கும் தண்ணீர் வெளியேறத் துளைகள், எல்லாம் கணக்குப் போட்டு வைத்தேன். எந்த இன்ஜினீயரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள். அந்தச் சுவர் இருந்திருந்தால் அவர்கள் வீட்டில் ஒரு பிடி மண்கூட விழுந்திருக்காது.