முன்னோட்ட ஆய்வு

ஆய்வு முன்மொழிவில் தலைப்பு வைப்பதுதான் கஷ்டம் என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்களில் பாதிப் பேர் முனைவர் பட்டத்தை முடிப்பதே இல்லை. எனக்குத் தலைப்பு எளிதாகவே அமைந்தது: செய்யாத குற்றத்தைச் செய்ததாக ஒருவர் மனதார நம்புவது எப்போது? அடித்து உதைத்து வாங்கும் ஒப்புதல் இல்லை, இன்ஸ்பெக்டர் சார். அது உங்கள் துறை. நான் சொல்வது தானாக வருவது.

முன்மொழிவைப் பரிசீலித்த குழுவில் மூன்று பேராசிரியர்கள். பழம் தின்று கொட்டை போட்டவர்கள் என்று பெயர், கொட்டையைத்தான் பார்த்திருக்கிறேன். மூத்தவர் பக்கங்களைப் புரட்டாமலே கேட்டார்: "தம்பி, கேக்க நல்லாத்தான் இருக்கு. சாதாரண வீட்டுல இருக்கறவங்க இப்படி நம்புவாங்களா? முன்னோட்டமா ஒரு ஆள்கிட்டயாவது பாத்தீங்களா?" மற்ற இருவரும் தலையாட்டினார்கள். ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்கள். அப்போதும் தேறாவிட்டால் பதிவு ரத்து.

ஆளைத் தேடி வெளியே போவானேன்? வீட்டில் அண்ணி இருந்தார். வங்கி வேலை, சமையல், என் அப்பாவின் மாத்திரைகள், எல்லாம் அவர் தலையில். முதலில் சாவியை இடம் மாற்றி வைத்தேன். பிறகு அவர் அணைத்துவிட்டுப் போன அடுப்பை மறுபடி பற்றவைத்தேன். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். ஆய்வுமுறையை இதைவிடச் சுருக்கமாக எந்தப் பேராசிரியரும் எழுதியதில்லை. நான் அவரை ஒரு சொல் குறை சொன்னதில்லை. "விடுங்க அண்ணி, உங்களுக்கு வேலை ஜாஸ்தி" என்பேன். குறை சொல்வதை அண்ணன் பார்த்துக்கொண்டான். தட்டைக்கூடக் கழுவாதவன், எனக்குச் சம்பளமில்லாத உதவியாளனாக இருந்தான்.

நாளடைவில் அண்ணி வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்து அடுப்பைத் தொட்டுப் பார்க்க ஆரம்பித்தார். ஆனால் அடுப்பும் சாவியும் வெறும் மறதி, குற்றத்தில் சேராது. அந்த மூவரும் அதைச் சொல்லியே திருப்பி அனுப்புவார்கள்.

அன்று காலை அண்ணி வழக்கம்போல் அப்பாவுக்கு இதய மாத்திரையைக் கொடுத்துவிட்டு வங்கிக்குப் போனார். நான் இன்னும் சிலவற்றை டீயில் கரைத்தேன். "கசக்குதுடா" என்றார் அப்பா. சர்க்கரை சேர்த்துக் கொடுத்தேன், குடித்துவிட்டார்.

மாலையில் அப்பாவின் உடலைப் பார்த்துவிட்டு, மாத்திரை அளவு மீறிவிட்டது என்றார் டாக்டர். அண்ணி காலி மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எவரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை.

"நான்தான் குடுத்ததை மறந்துட்டு மறுபடி மறுபடி குடுத்திருக்கேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்றார்.

அந்த இரண்டாவது வாக்கியம் நான் எதிர்பாராதது. மகிழ்ச்சியாக இருந்தது, மறைப்பானேன்? நீங்களும் அதை அப்படியே எழுதிக்கொண்டு அவரை அழைத்துப் போனீர்கள்.

நேற்று குழு மறுபடி கூடியது. மூத்தவர் கேட்டார்: "சரி, அந்தம்மா அதைச் செய்யலைங்கறதுக்கு என்ன ஆதாரம்?" அவர் வாழ்நாளில் கேட்ட ஒரே உருப்படியான கேள்வி. அதற்காகத்தான் இங்கே வந்தேன். மனசாட்சி, குற்ற உணர்வு என்றெல்லாம் எழுதிவைக்காதீர்கள். செய்தவன் நான் என்று பதிவானால்தான் அண்ணியின் ஒப்புதல் தரவாகும். கையெழுத்திட்டதும் எனக்கு ஒரு நகல் வேண்டும், ஆய்வின் இணைப்பில் சேர்க்க.

என் முகத்தை ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? முன்மொழிவின் அறநெறிப் பகுதியிலும் நான் குறை வைக்கவில்லை. பங்கேற்பாளரின் உயிருக்கு எந்தத் தீங்கும் நேராது என்று உறுதி கொடுத்திருக்கிறேன். நேரவும் இல்லை, அண்ணி உங்கள் காவலில் பத்திரமாகத்தானே இருக்கிறார். அப்பா பங்கேற்பாளர் இல்லை.