மூடின கோப்பு

இறக்கக்கண்டி பஸ் திருகோணமலையிலிருந்து வெளிக்கிட்டு உப்புவெளியைக்கூடத் தாண்டவில்லை. எனக்கு முன் ஆசனத்தில் இருந்த பெண், பக்கத்தில் இருந்த மூத்தவளிடம் திடீரென்று சொன்னாள்:

"தம்பி காணாமப்போனதைப் பற்றின கோப்பை அழிச்சிட்டாங்களாம், அக்கா."

"ஆர் அழிச்சது?"

"முறைப்பாடு குடுத்த கந்தோரிலதான். கடலுக்குப் போனவனைப் பற்றித் தகவல் வந்ததோ எண்டு வருசாவருசம் போய்க் கேக்கிறனான் எல்லோ? மூடின கோப்பைக் கொஞ்ச வருசந்தான் வைச்சிருப்பினமாம். அதுதான் விதியாம்."

"அவன் இன்னும் வரேல்லையே. பிறகு எப்பிடி மூடினவங்கள்?"

"கடிதம் போட்டவங்களாம். நாங்கள் பதில் போடேல்லையாம்."

"எங்க போட்டவங்கள்?"

"சுனாமி கொண்டுபோன வீட்டுக்கு."

"நீ நேரில போறனிதானே?"

"நேரில போய்க் கேக்கிறது கோப்பில ஏறாதாம்."

மூத்தவள் கைப்பையைத் திறந்தாள். எதையும் எடுக்காமலே மூடினாள்.

"அப்ப, அப்பிடி ஒரு கோப்பு இருந்ததுக்கு என்ன அத்தாட்சி?"

"அழிச்ச கோப்புகளைப் பதிஞ்சு வைக்கிற இடாப்பு ஒண்டு இருக்காம். அதை மட்டும் ஒருநாளும் அழிக்க ஏலாதாம்."

"அதில அவன்ர பேர் கிடக்கோ?"

"இல்லை. கோப்பின்ர இலக்கம் மட்டுந்தான்."

"எனக்கெண்டா ஒண்டும் விளங்கேல்லை. இனி வருசாவருசம் போய் என்னத்தைக் கேக்கப் போறாய்?"

இளையவளுடைய முகம் எனக்குத் தெரியவில்லை. குரல் மட்டும் கேட்டது.

"இலக்கம் இன்னும் கிடக்கோ எண்டு கேப்பன்."