பஸ் கூரையில் பாய்மரம்

செங்கல்பட்டில் உத்திரமேரூர் பஸ் ஏறினேன். நீளமான பாய்மரம் ஒன்றைக் கூரைமேல் கட்டிவிட்டு, ஒரு பெரியவரும் அவர் மச்சானும் என் முன்சீட்டில் வந்து உட்கார்ந்தார்கள்.

“இன்னா மாமா, நம்ம ஏரியில பந்தயப் படகா?”

“ஆமா. மெட்ராஸ் கிளப்புல ஃபைபர் படகு வந்துட்ச்சி. மரப்படகு பந்தயமே இனிமே கெடையாதுன்னுட்டானுங்க. எல்லாத்தையும் வெறகுக்கு ஒடைச்சானுங்க. ஒண்ண மட்டும் நான் கேட்டு வாங்கி, லாரியில அனுப்பிக்கீறேன்.”

“நீ அதுலதான ஜெயிச்ச?”

“பதினாறு வருசம் பாயைப் புடிச்சேன், உள்ள வந்த தண்ணிய எறைச்சேன். கப்பு அடிச்சா, சுக்கான் புடிச்ச ஆபீசரு பேரு மட்டுந்தான் கிளப்பு பலகையில ஏறும்.”

“சரி, ஒரே ஒரு படகை வச்சிக்கினு யாரு கூட பந்தயம் வுடுவ?”

“ஒத்தப் படகு கெளம்பி எல்லைக் கோட்டைத் தாண்டுனாலும் ஜெயிச்சதுதான். அது அவனுங்க எழுதுன ரூலு. நிறுத்தறதுக்கு அவனுங்க யாரு? ஞாயித்துக்கெழம பந்தயம். தண்ணி எறைக்க நீ வர்ற.”

“நானா? எனக்கு வேற வேலையில்லையா?”

“வூட்டுச் செவுத்துல பலகை மாட்டியாச்சி. அதுல தண்ணி எறைக்கறவன் பேருதான் மொதல்ல.”

உத்திரமேரூர் வந்ததும் மச்சான் இறங்க எழுந்தார். பிறகு சொன்னார்:

“இனிஷியலை வுட்டுடாத.”