சொந்தக்காரங்க செல்லாது

இருங்கக்கா, இப்படிச் சொன்னா தப்பாப் போயிடும். முதல்லேருந்து வர்றேன். எனக்கு எதையும் தலையிலேருந்து வால்வரைக்கும் ஒழுங்காச் சொல்ல வராது. நடுவுல பிடிச்சு ரெண்டு பக்கமும் இழுப்பேன், கடைசியில கேக்கறவங்க கையில நூல்தான் மிஞ்சும். நீ வழி சொல்லி ஒருத்தனும் ஊர் போய்ச் சேந்ததில்லன்னு எங்க வீட்டுக்காரர் சொல்லுவார். அதனால நான் எங்கயாவது தப்பினா நீங்கதான் பிடிச்சு இழுக்கணும்.

அந்தச் சாப்பாட்டு டப்பாவை நிமிந்தாப்புல வைங்க. குடையைப் பக்கத்துல சொருகுங்க. பாத்தீங்களா, எவ்வளவு கொள்ளுது! உங்க பிளாஸ்டிக் பை காது அறுந்தது நல்லதாப் போச்சு. இது அறாது. நான் சொல்றேன்ல. ரெட்டைத் தையல்.

ஐயோ, திருப்பியெல்லாம் தர வேணாம். வச்சுக்கங்க.

உள்ள மைக் செட்டு உங்க வீட்டுக்காரரா? அவருக்குத்தான் சாப்பாடா? அப்போ போட்டியில உங்க வீட்டுப் பசங்க யாரும் இல்ல? அண்ணன் பொண்ணு, தங்கச்சி பையன், அப்படி யாரும்? ஒருத்தரும் இல்லையா. நல்லது நல்லது. சும்மாத்தான் கேட்டேன்.

என் பொண்ணு குழு ஏழு. இப்ப மூணுதானே ஓடுது? நேரம் இருக்கு.

இது என்ன கூட்டம்னு கேட்டீங்கல்ல? பள்ளிக்கூடத்துப் பசங்களுக்கு ஒரு சங்கம்க்கா. வியாபாரம் கத்துக்கணுமாம், தலைமை தாங்கணுமாம். எல்லாரும் தலைமை தாங்கினா யாரு நடந்து போறதுன்னு கேட்டேன். அம்மா, உன் சிந்தனை பழசுன்னுட்டா. பசங்களே ஒரு கம்பெனி ஆரம்பிக்கணும், ஒரு பொருள் செய்யணும், விக்கணும், அப்புறம் நடுவருங்க முன்னாடி நின்னு பேசணும். டை சார்னு ஒருத்தர், வாத்தியார், அவர்தான் பொறுப்பு. குளிக்கும்போதும் டையை அவுக்க மாட்டார்னு பசங்களே சொல்லுதுங்க. என்னைப் பாத்த முதல் நாளே கையைப் பிடிச்சு அப்படிக் குலுக்கினார், தோள்பட்டையில இருந்த வலி முழங்கைக்கு எறங்கிடுச்சு.

இவ சேந்த நாள்லேருந்து எங்க வீடு வீடா இல்ல. காலையில பல்லு விளக்கறதுக்கு முன்னாடி கூட்டம். இன்றைய இலக்கு என்னன்னு கேப்பா. காய்ஞ்ச துணியை மடிக்கிறதுதான் இலக்குன்னு நான் சொன்னா, அது இலக்கு இல்ல, செயல்பாடும்பா. எங்க வீட்டுக்காரர் பஸ் ஓட்டறவர், வீட்டுக்கு வந்தா கட்டை மாதிரி தூங்குவார். அவரை ஆலோசகரா நியமிச்சிட்டா. அவருக்கு ஒரே சந்தோஷம், ஆலோசகர்னா கண்ணை மூடிட்டு இருக்கலாம்ல. ஒருநாள் கேஸ் தீந்துபோச்சு, அடுப்புல பாதி வெந்த அரிசி. எதிர்பாராத சூழ்நிலையைச் சமாளிக்கிறது எப்படின்னு அதுக்கும் ஒரு கூட்டம். அது முடியறதுக்குள்ள நான் பக்கத்து வீட்டுல வேகவச்சு எடுத்துட்டு வந்துட்டேன். அதையும் தன் வெற்றின்னு எழுதிக்கிட்டா.

பொருள் என்னன்னு கேளுங்க. இதோ, உங்க மடியில இருக்கே, அதான். கம்பி ஒடிஞ்ச குடை இருக்குல்ல, அந்தத் துணியில பை. தண்ணி ஏறாது, மடிச்சா கைக்குள்ள அடங்கிடும். யோசனை அவளோடதுதான், அதை மறைக்கக் கூடாது. குடை ரிப்பேர் கடையில தூக்கிப் போட்டதைப் பாத்துட்டு வந்து சொன்னா. கம்பெனியில மொத்தம் நாலு பேர். இவ மேனேஜிங் டைரக்டர். ஒருத்தன் நிதி, ஒருத்தி விளம்பரம், இன்னொருத்தி மனிதவளம். தைக்கிறது யாருன்னு கேட்டேன். நாலும் என்னையே பாத்துச்சுங்க.

ஆமா, எனக்கு அதான் தொழில். வீட்டு முன்னறையில மெஷின் போட்டிருக்கேன். ஜிப் மாத்துறது, பேண்ட் உயரம் குறைக்கிறது, இடுப்புப் பிடிக்கிறது. வேலையை வெளியில குடுத்து வாங்கலாம், அது சங்கத்து விதியிலயே இருக்காம். அதுல ஒண்ணும் தப்பில்ல. ஆனா அந்த மனிதவளம் இருக்கே, மூக்கு ஒழுகற வயசு, அது என் மெஷின் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து எனக்கு மதிப்பீடு பண்ணுச்சு. வேலைத்தரம் நல்லாயிருக்கு ஆன்ட்டி, ஆனா குழு மனப்பான்மை குறைவு, வேலை நேரத்துல முணுமுணுக்கறீங்கன்னுச்சு. முணுமுணுக்காம தைச்சா நூல் அறும்டின்னேன்.

கொஞ்சம் இப்படித் திரும்புங்கக்கா. உங்க ஸ்வெட்டர் தோள்ல தையல் பிரிஞ்சிருக்கு. வந்தப்பவே பாத்துட்டேன், கை அரிக்குது. ஊக்கு குத்தி விடறேன், வீட்டுக்குப் போய்த் தைச்சுக்கங்க. பயப்படாதீங்க, குத்தறதே தெரியாது. பேண்ட் உயரம் குறிக்க என்கிட்ட வர்ற ஆம்பளைங்க ஊசியைப் பாத்தாலே காலை ஆட்டுவாங்க. நான் அவங்க ஆபீஸைப் பத்தி ஒரு கேள்வி கேப்பேன். மேலதிகாரியைத் திட்டி முடிக்கறதுக்குள்ள ரெண்டு காலும் முடிஞ்சிருக்கும். நீங்க அந்தச் சுவத்துப் போஸ்டரைப் பாருங்க. என்ன எழுதியிருக்கு? நாளைய தலைவர்களா? ஹூம். இன்னிக்கு சாக்ஸ் எங்கன்னு தெரியல இவங்களுக்கு.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். இந்தப் போட்டியில ஒரு விதி. ஒவ்வொரு கம்பெனியும் ஒரு வாடிக்கையாளரை மேடைக்குக் கூட்டிட்டு வரணும். பொருளை நிஜமாவே வாங்கிப் பயன்படுத்துறவங்க. நடுவருங்க கேள்வி கேப்பாங்க. சொந்தக்காரங்க செல்லாது, கம்பெனிக்கு வேலை செய்றவங்களும் செல்லாது. தெரிஞ்சா குழுவை அங்கேயே வெளியில அனுப்பிடுவாங்க. சங்கத்துலேருந்தும் பேரை எடுத்துடுவாங்க.

வாடிக்கையாளர் இருந்தாங்கக்கா. கீழ்வீட்டு அம்மா. நல்லாப் பேசுவாங்க, எதுக்கெடுத்தாலும் நாலு பேரைச் சேத்துடுவாங்க. இதுக்கு முந்தின சுத்து, மண்டலப் போட்டி, அதுக்கு வர்றேன்னாங்க. இந்த நிதி இருக்கானே, அவன் போய் அவங்களுக்குப் பயிற்சி குடுக்கறேன்னு உக்காந்தான். ஆன்ட்டி கையை ஆட்டாதீங்க, ஆன்ட்டி சிரிக்கும்போது பல்லு இவ்வளவு தெரிய வேணாம், ஆன்ட்டி இந்த வார்த்தைக்குப் பதிலா அந்த வார்த்தைன்னு. ரெண்டு நாள் பொறுத்தாங்க. மூணாம் நாள் பையைக் கொண்டுவந்து என் மெஷின் மேல வச்சாங்க. என் பல்லைப் பத்திப் பேச இவன் யாரு, இவங்கப்பனுக்கே பல்லு கிடையாதுன்னுட்டுப் போயிட்டாங்க. வாடிக்கையாளருக்கே பயிற்சி குடுத்து விரட்டின கம்பெனி உலகத்துல இது ஒண்ணாத்தான் இருக்கும்.

மறுநாள் போட்டி. வேற ஆள் கிடைக்கல. நாலும் திரும்ப என்னையே பாத்துச்சுங்க.

புரியுதாக்கா? நானே தைச்சு, நானே வாங்கி, நானே பாராட்டணும். எனக்கும் அவளுக்கும் ஒரே மூக்கு வேற. அதை மறைக்க விளம்பரம் தன் பாட்டியோட கண்ணாடியைக் கொண்டுவந்து மாட்டி விட்டா. எனக்கு மேடைப் படியே மூணு மூணாத் தெரியுது. தட்டுத் தடுமாறி ஏறிட்டேன். எழுதிக் குடுத்த நாலு வரியையும் சொல்லிட்டேன். அப்ப ஒரு நடுவர், வழுக்கைத்தலை, நல்ல மனுஷன்தான், இந்த மேனேஜிங் டைரக்டர்கிட்ட நீங்க மாத்தச் சொல்ற ஒரு விஷயம் என்னன்னு கேட்டார். அது பேப்பர்ல இல்ல. நான் வாயைத் தெறந்து, எழுந்ததும் போர்வையை மடிக்கச் சொல்லுங்க சார்னுட்டேன்.

சிரிக்காதீங்கக்கா. மொத்த ஹாலும் இப்படித்தான் சிரிச்சுது. அந்த வழுக்கைத்தலை கண்ணுல தண்ணி வரச் சிரிச்சார். ஏதோ தமாஷ்னு நினைச்சுட்டார். நகைச்சுவை உணர்வுள்ள வாடிக்கையாளர்னு சொல்லி மார்க் போட்டுட்டார். தப்பிச்சோம். ஆனா போகும்போது கையைக் குலுக்கி, இறுதிப்போட்டியிலயும் நான்தான் இருப்பேன், உங்ககிட்ட நிறைய கேக்கணும்னார். அந்த இறுதிப்போட்டிதான் இன்னிக்கு. அன்னிலேருந்து எனக்குச் சோறு எறங்கல. நிறைய கேட்டா நான் நிறையச் சொல்லிடுவேன்க்கா. என்னை எனக்குத் தெரியாதா?

எட்டாவதோட நின்னவ நான். வாத்தியார் கேள்வி கேட்டா பதில் தெரிஞ்சாலும் பெஞ்சுக்குக் கீழ குனிஞ்சுப்பேன். அப்படியேதான் இவளும் இருந்தா. வீட்டுக்கு யாராவது வந்தா கதவுக்குப் பின்னாடி போய் நின்னுப்பா, கட்டைவிரலை உள்ளங்கைக்குள்ள மடிச்சு வச்சுக்கிட்டு. பேர் என்னன்னு கேட்டா நான்தான் சொல்லணும். கடையில மீதிச் சில்லறை குடுக்கலன்னா கேக்காம வந்துடுவா. என் பயம் அப்படியே அவளுக்கு எறங்கிடுச்சேன்னு நான் எத்தனை நாள் மெஷினை மிதிச்சுக்கிட்டே அழுதிருக்கேன் தெரியுமா. இப்பப் பாருங்க, அந்த டை சார் கிட்டயே, சார் உங்க கருத்தை மதிக்கிறேன், ஆனா ஏத்துக்கலன்னு சொல்றா. சங்கத்தை நான் எவ்வளவோ கிண்டல் பண்ணுவேன். அந்த ஒரு வரிக்காக, என் தோள்பட்டையே கழண்டு விழுந்தாலும் அந்தாளுக்குக் கையைக் குடுப்பேன்.

ஆனா இன்னிக்குக் காலையில பஸ்ல வர்றப்போ அவ பேச்சை அவ சொல்லிப் பாக்கல. மேடையில நான் சொல்ல வேண்டிய வரியைச் சொல்லிட்டு வந்தா, உதடு மட்டும் அசையுது. கையைப் பாத்தேன். கட்டைவிரல் உள்ள போயிருந்துச்சு.

என்னடி கண்ணுன்னேன். ஒண்ணும் இல்லம்மா, நீ போர்வையைப் பத்தி மட்டும் பேசாதேன்னா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. விரல் மட்டும் வெளியில வரல. மாட்டிக்கிட்டா தன்னை வெளியில அனுப்பிடுவாங்கன்னு அவளுக்குத் தெரியும். நான் ஏறினா மாட்டிப்போம்னும் தெரியும். ஆனா அம்மா நீ வேணாம்னு என்கிட்டச் சொல்ல மனசு வரல. மறுபடியும் கதவுக்குப் பின்னாடி போயிட்டான்னா நான் என்னக்கா பண்ணுவேன்? அங்கேருந்து அவளை வெளியில கொண்டுவர எனக்கு ஒரு வித்தையும் தெரியாது.

என்னது, ஆறு முடிஞ்சிடுச்சா? அதுக்குள்ளயா? கைதட்டறாங்களே.

அசையாதீங்க, அசையாதீங்க, ஊக்கு இருக்கு.

சரி, வேகமாக் கேட்டுக்கங்க. பையை எப்படி வாங்கினீங்கன்னு கேப்பாங்க. வாசல்ல என் பை அறுந்துபோச்சு, ஒரு பொம்பளை இதைக் குடுத்தான்னு சொல்லுங்க. அதான் நடந்துச்சு. உள்ள என்ன வச்சிருக்கீங்கன்னு கேப்பாங்க. டப்பாவும் ஈரக்குடையும். தெறந்து காட்டுங்க, ஒரு சொட்டு கசிஞ்சிருக்காது. குறை என்னன்னு கேட்டா தோணுறதைச் சொல்லுங்க, காது கொஞ்சம் நீளம்னு எனக்கே தோணும். ஒரு பொய்யும் சொல்ல வேணாம். நீங்க எங்களுக்குச் சொந்தமும் இல்ல, வேலையாளும் இல்ல. வாங்கினதுன்னு சொல்லணுமேன்னு யோசிக்கறீங்களா? ஒரு நாணயம் குடுங்க, எதுவானாலும் சரி. ம், போதும். வாங்கிட்டீங்க.

நானா? சத்தியமா முதல்ல நல்ல மனசுலதான் பையைக் குடுத்தேன். மைக் செட்டுக்காரர் வீட்டம்மா, யாரும் போட்டியில இல்லன்னு நீங்க சொன்னப்புறம்தான் கை தானா வேலை செஞ்சுடுச்சு.

எங்க பாக்கறீங்க? ஆமா, தோள்ல. தையல் பிரிஞ்சது நிஜம்தான்க்கா, ஊக்கு அதுக்கும் சேத்துத்தான். அது வாடிக்கையாளர் அட்டை. குழு ஏழு. அதுல பேர் கிடையாது, எண் மட்டும்தான். போன தடவை ஆளேதான் வரணும்னு விதி இல்ல. பிடுங்காதீங்க, ஸ்வெட்டர் கிழிஞ்சிடும். ரெட்டை ஊக்கு.

உங்களைப் பாத்ததும் என் பொண்ணு ஒரு நொடி திகைப்பா. ஒரு நொடிதான். எதிர்பாராத சூழ்நிலைக்குத்தான் கேஸ் தீந்த அன்னிக்கே கூட்டம் போட்டவ ஆச்சே, சமாளிச்சுக்குவா. நீங்க பேச ஆரம்பிச்சதும் அவ கையைப் பாருங்க. கட்டைவிரல் வெளியில வந்துச்சான்னு அப்புறம் எனக்குச் சொல்லணும், மறக்கக் கூடாது.

கூப்பிடறாங்க. ஏழுதான். எழுந்திருங்கக்கா, டப்பா சாயப்போகுது. வீட்டுக்காரர் மைக்தானே, பயம் எதுக்கு உங்களுக்கு? உங்க இடம் உள்ள எங்க, மைக் மேஜைக்குப் பக்கத்துல அந்த நாற்காலியா? நான் அங்க உக்காந்துக்கறேன்.

அங்கேருந்து அவ முகம் தெரியும்ல?