ஒரே வாய்க்காலில் கழுவிய டேங்குகள்

விசாரணை அலுவலர் அவர்களுக்கு, இந்நேரத்தில் எழுதி அனுப்புவதற்கு மன்னிக்கவும். என் மகள் இப்போதுதான் உறங்கினாள். நீங்கள் கேட்ட வாக்குமூலத்தை என் கையாலேயே எழுதுகிறேன்.

என் பெயர் ஹேமாவதி, வயது 28, கணவர் பெயர் பாண்டீஸ்வரன். சுருளிப்பட்டியில் மாமனார் வீட்டில் குடியிருக்கிறேன். கடல் உயிரியலில் எம்.எஸ்சி. படித்தவள். ஆற்றில் கலப்பவையெல்லாம் ஒன்றுசேர்ந்து முகத்துவாரத்துக் கடற்புல்லை என்ன செய்கின்றன என்று ஆராயும் தனியார் நிறுவனத்துக்காக இப்பகுதியில் தண்ணீர் மாதிரி எடுத்து வந்தேன். மாதிரியில் நானே பூச்சிமருந்தைக் கலந்ததாக அந்நிறுவனம் கொடுத்த புகார் பொய்.

எங்கள் ஊரில் மழை வெறித்த மறுநாள் எல்லாத் திராட்சைத் தோட்டத்திலும் ஒன்றாக மருந்தடிப்பார்கள், அதன் பிறகு எல்லோரும் மருந்து டேங்கை ஒரே வாய்க்காலில் கழுவுவார்கள். நிறுவனமோ வெயில் நாளில், தோட்டம் தோட்டமாகத் தனித்தனியே மாதிரி கேட்டது. சென்ற வாரம் மழைக்கு மறுநாள் வாய்க்கால் ஆற்றில் சேரும் இடத்தில், செவுள் வெளுத்துச் செத்து மிதந்த ஜிலேபி மீன்களுக்கு நடுவே இரண்டு பாட்டில் நிரப்பி முத்திரையிட்டேன். ஒன்றை நிறுவனத்துக்கு அனுப்பினேன்.

அதன் பிறகு நிறுவன மேலாளர் ராஜபாண்டி, எங்கள் ஆற்றுத் தண்ணீர் போய்ச் சேரும் வைகை அணைக்கு என்னை வரச் சொன்னார். மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். மீன் வறுக்கும் கடையில் உட்கார்ந்து, "தனித்தனியா பார்த்தா எல்லாமே அளவுக்குள்ளதாம்மா இருக்கு. அந்த ஒரு பாட்டில விட்ருங்க. கடல் எங்கன கெடக்கு, ஒங்க வாய்க்கா எங்கன கெடக்கு?" என்றார். மறுத்தேன். அதன் பிறகு ஒரு தட்டு மீன் வாங்கி, "பாப்பா சாப்பிடட்டும்" என்று என் மகள் முன் நகர்த்தினார். தனக்கு டீ மட்டும் சொன்னார். நீங்கள் சாப்பிடவில்லையா என்று கேட்டேன். "நான் இந்த அணை மீனத் தொடுறதில்ல" என்றார். மகள் வாயில் வைத்திருந்த துண்டை விரல் விட்டு எடுத்துத் துப்ப வைத்தேன். அவர் சிரித்தார். இரண்டு நாள் கழித்துப் புகார் வந்தது. நான் கலந்ததாகச் சொல்லும் மருந்து என் மாமனாரின் திராட்சைத் தோட்டத்தில் எடுத்ததாம்.

மாமனார் கருத்தக்கண்ணனிடம் இதைச் சொன்னேன். "ஏத்தா, நான் ஒருத்தன் கழுவுனதுலயா அம்புட்டு மீனும் செத்துச்சு?" என்று சத்தம் போட்டார். சாப்பிடாமல் எழுந்துபோனார். அதன் பிறகு திரும்பி வந்து, "எம்பேரையும் சேத்து எழுது. ஆனா எம்பேர மட்டும் எழுதிப்புடாத" என்றார். அந்த வாய்க்காலில் டேங்க் கழுவிய எல்லோரிலும் ஒருவராக அவர் பெயரையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

இரண்டாவது பாட்டில் முத்திரை உடையாமல் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கிறது. அது உள்ளே இருக்கும்வரை மகளுக்கான பாலை அந்த ஃபிரிட்ஜில் வைக்க எனக்குக் கை வரவில்லை. நாள் போகப் போக மருந்து சிதைந்துவிடும். பிறகு என் பேச்சுக்குச் சாட்சி இல்லை.

இதில் கண்டவை நான் பார்த்ததும் கேட்டதும் மட்டுமே. கூட்டியோ குறைத்தோ எழுதவில்லை. படித்துப் பார்த்துக் கையெழுத்திடுகிறேன்.

பா. ஹேமாவதி

பாட்டிலை எடுத்துப்போக யாரை, எப்போது அனுப்புகிறீர்கள் என்று சீக்கிரம் பதில் எழுதுங்கள்.